இன்சுலின் பேனா கையில் வந்தாச்சு, இனி?

"இனிமேல் ஊசிதான்" என்று டாக்டர் சொன்ன நிமிஷத்திலிருந்து, அடுத்து தாதி விளக்குவது எதுவும் பாதிப் பேருக்குக் காதில் ஏறாது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிடுவார்கள். பேனா, ஊசி முனைப் பெட்டி, மலாயில் அச்சடித்த துண்டுத்தாள் எல்லாம் பையில் இருக்கும், வீட்டுக்கு வந்து மேசையில் பரப்பினால் எதை முதலில் தொடுவது என்றே தெரியாது. இந்தக் கட்டுரை அவர்களுக்கும், அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும். செந்தூலிலும் பூச்சோங்கிலும் எங்கள் சொந்தத்தில் வீட்டுக்கு ஒருவராவது இனிப்பு நீர் உள்ளவர். 2023-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு, அதிலும் நம் இந்தியர்களிடம் விகிதம் கூடுதல். அதனால் அக்கம்பக்கத்தில் ஆலோசனைக்குப் பஞ்சமே இல்லை, சரியான ஆலோசனைக்குத்தான் பஞ்சம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாரும் பயப்படுவது ஊசி குத்துவதற்கு. அது இரண்டாம் வாரமே பழகிவிடும். ஆளைக் கவிழ்ப்பது வேறு இரண்டு: ஊசி போட்ட நேரத்துக்கும் சாப்பாடு வாயில் போகும் நேரத்துக்கும் நடுவே விழும் இடைவெளி, அப்புறம் பேனாவோ, இன்சுலினை அளக்கும் யூனிட் கணக்கோ மாறிப்போவது. கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி இவற்றைப் பற்றித்தான். எத்தனை யூனிட் போட வேண்டும் என்பதை மட்டும் இங்கே தேடாதீர்கள், அது உங்கள் டாக்டர் உங்கள் உடம்பைப் பார்த்துச் சொல்ல வேண்டியது.

"இன்சுலின் போட்டால் கிட்னி போய்விடும்" என்று யாராவது ஒரு பெரியம்மா சொல்வார்கள். கிட்னியைக் கெடுப்பது வருஷக்கணக்காகக் கட்டுப்படாமல் இருந்த சீனி. கிட்னி கெட ஆரம்பித்த பிறகு மாத்திரைகள் பல ஒத்துவராமல் இன்சுலினுக்கு மாற்றுவார்கள், பார்க்கிறவர்களுக்குக் காரணம் தலைகீழாகத் தெரியும். கர்ப்பிணிகளுக்கே இதைத்தான் கொடுக்கிறார்கள். 1922 ஜனவரியில் டொரோண்டோவில் ஒரு பதினான்கு வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள், அதற்கு முன்னால் அந்தப் பையனுக்கு வந்த வகை நீரிழிவு என்றால் சாவுக்கு நாள் குறித்த மாதிரி. அவ்வளவு பழகிய மருந்து இது, மிரள ஒன்றும் இல்லை. ஆனால் அலட்சியமும் கூடாது.

முதலில் பேனாவின் பெயரைப் படியுங்கள்

உங்களுக்குக் கொடுத்திருப்பது எந்த வகை என்று தெரியாமல் ஒரு யூனிட்கூடப் போட வேண்டாம். பிராண்டு கிளினிக்குக்குக் கிளினிக், வருஷத்துக்கு வருஷம் மாறும், வகை மூன்றுதான்.

சாப்பாட்டுக்கான இன்சுலின்: ஆக்ட்ராபிட், நோவோராபிட் மாதிரி. தெளிவாகத் தண்ணீர் போல இருக்கும். ஆக்ட்ராபிட் போட்டால் அரை மணி நேரம் கழித்துச் சாப்பாடு. நோவோராபிட் வேகமானது, சாப்பிட உட்காரும்போது போடுவது. அடுத்தது நாள் முழுக்கவோ இரவு முழுக்கவோ மெதுவாக வேலை செய்வது, இன்சுலாடார்ட், லாண்டஸ் மாதிரி. இன்சுலாடார்ட் கலங்கலாக இருக்கும், லாண்டஸ் தெளிவு. மூன்றாவது கலவை, மிக்ஸ்டார்ட் 30 போல, முப்பது பங்கு வேகமானதும் எழுபது பங்கு மெதுவானதும் ஒரே குப்பியில். இதுவும் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். நோவோமிக்ஸ் 30 என்று இன்னொன்று உண்டு, பெயரிலும் 30, கலவையும்தான், ஆனால் அதைச் சாப்பாட்டை ஒட்டிப் போட வேண்டும். அதனால்தான் பெயரைப் படிக்கச் சொல்கிறேன்.

இரண்டு பேனா கொடுத்திருந்தால் இன்னும் கவனம். இரவில் போடும் இருபது யூனிட்டை மெதுவானதற்குப் பதில் வேகமானதில் போட்டுவிட்டுத் தூங்கப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தெளிவு, கலங்கல் என்று பார்த்து அடையாளம் வைக்காதீர்கள், மேலே சொன்ன லாண்டஸும் நோவோராபிட்டும் இரண்டுமே தெளிவு. ஒரு பேனாவில் தடித்த ரப்பர் பேண்ட் சுற்றிவிடுங்கள். இருட்டில்கூடக் கை சொல்லிவிடும். ஒன்றைச் சாப்பாட்டு மேசைப் பக்கமும் மற்றதைக் கட்டில் பக்கமும் வையுங்கள். அப்படியும் ஒவ்வொரு தடவையும் லேபிளைப் படித்துவிட்டுத்தான் மூடியைக் கழற்ற வேண்டும். கண் சரியாகத் தெரியாத பெரியவர்கள் என்றால் வீட்டில் ஒருவர் படித்துச் சொல்லட்டும், பிறகு போடலாம்.

கிளினிக்கை விட்டுக் கிளம்பும் முன் இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: பெயர் என்ன, எத்தனை யூனிட், எப்போது, அன்றைக்குச் சாப்பிட முடியாவிட்டால் என்ன செய்வது, ஒரு வேளை மறந்துபோனால் என்ன செய்வது. கடைசி இரண்டையும் யாரும் கேட்பதில்லை. வீட்டில் தகராறு வருவது அந்த இரண்டில்தான்.

ஊர் மாறினால் கணக்கும் மாறும்

தமிழ்நாட்டு வீடியோக்களைப் பார்த்து நீரிழிவைப் படிக்கிறோம், அங்கிருந்து சித்தப்பா வாட்ஸ்அப்பில் "எனக்கு 180" என்கிறார், இங்கே நம் மெஷினில் 10 என்று காட்டுகிறது. இரண்டும் ஒன்றுதான். மலேசியாவில் மில்லிமோல், அங்கே மில்லிகிராம். நம் எண்ணைப் பதினெட்டால் பெருக்கினால் அவர்கள் எண் வந்துவிடும். நமக்கு 4 என்றால் அவர்களுக்கு 72. யாராவது "70 வந்தால் சீனி சாப்பிடு" என்று சொல்லும்போது எந்தக் கணக்கில் சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

இது எண் குழப்பத்தோடு போகிற விஷயம். இன்னொன்று உயிரோடு விளையாடுவது. நம் ஊரில் கிடைக்கும் இன்சுலின் பொதுவாக ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட். இந்தியாவில் பேனாக்கள் அப்படித்தான், ஆனால் அங்கே மருந்துக்கடையில் விற்கும் சிறு குப்பிகளில் 40 யூனிட் அடர்த்தி இன்னும் நிறையப் புழக்கத்தில் இருக்கிறது, அதற்கென்று தனி சிரிஞ்சும் உண்டு, பெரும்பாலும் சிவப்பு மூடி. திருச்சிக்குக் கல்யாணத்துக்குப் போன இடத்தில் பேனா உடைந்துவிட்டது, அவசரத்துக்குக் கடையில் ஒரு சிரிஞ்ச் வாங்கிக் பேனாவுக்குள் இருக்கும் நம் குப்பியிலிருந்து உறிஞ்சலாம் என்று தோன்றும். அந்த 40 சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை நம் 100 மருந்தை இழுத்தால் உள்ளே போவது 20 இல்லை, 50 யூனிட். அதனால் ஊருக்குப் போகும்போது உதிரிப் பேனாவும் கூடுதல் முனைகளும் எடுத்துப் போங்கள், பேனா மருந்தை எந்தக் காரணத்துக்கும் சிரிஞ்சில் உறிஞ்ச வேண்டாம். 300 அடர்த்தியுள்ள தூஜியோ போன்ற பேனாக்களும் வந்துவிட்டன, அவற்றில் இப்படிச் செய்தால் தவறு இன்னும் பெரிது.

விமானத்தில் இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் உறைந்துபோக வாய்ப்பு உண்டு. டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம், இரவு ஊசியை எந்தக் கடிகாரப்படி போடுவது என்று போவதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

போடும் முறை

சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். முதலில் விரலில் குத்திச் சீனி அளவு பாருங்கள். 4-க்குக் கீழே இருந்தால் ஊசி வேண்டாம், முதலில் சீனி, அதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். பழம் உரித்த கையோடு பரிசோதித்தால் எண் பொய் சொல்லும், கை கழுவச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

கலங்கல் இன்சுலின் என்றால் கலக்க வேண்டும். இதைத்தான் முக்கால்வாசிப் பேர் ஒழுங்காகச் செய்வதில்லை. குலுக்கக் கூடாது. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பத்துத் தடவை உருட்டுங்கள், பிறகு மேலும் கீழுமாகப் பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்த்துத் திருப்புங்கள், உள்ளே இருக்கும் சின்னக் கண்ணாடி மணி இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு உருளுவது தெரியும். பால் மாதிரி ஒரே சீராக வெள்ளையாக வந்தால் சரி. அடியில் படிந்தபடியே போட்டால் ஒரு நாள் வெறும் தண்ணீர் மாதிரியும் இன்னொரு நாள் இரட்டிப்பாகவும் உள்ளே போகும், அப்புறம் "ஒரே அளவுதான் போடுகிறேன், ஏன் இப்படி ஏறி இறங்குது" என்று டாக்டரிடம் சண்டை. கட்டி கட்டியாக இருந்தாலோ கண்ணாடிச் சுவரில் பனி படிந்தாற்போல் ஒட்டியிருந்தாலோ அந்தக் குப்பியைப் போடக் கூடாது. தெளிவாக இருக்க வேண்டிய மருந்து கலங்கியிருந்தால் அதுவும் அப்படியே.

பேனா நுனியிலிருக்கும் ரப்பரை ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, புது முனையை நேராக வைத்துத் திருகுங்கள். முனைக்கு இரண்டு மூடி. வெளி மூடியை எடுத்து ஓரமாக வையுங்கள், திரும்ப வேண்டும். உள் மூடியைக் குப்பையில் போடலாம். புதிதாகப் போடும் சிலர் உள் மூடியைக் கழற்றாமலே குத்திவிட்டு "வலிக்கவே இல்லையே" என்று சந்தோஷப்படுகிறார்கள், சிரிக்காதீர்கள், நடக்கிறது.

இப்போது டயலில் 2 யூனிட் வைத்து, முனை மேலே பார்க்கப் பிடித்து, விரலால் இரண்டு தட்டு தட்டி, பித்தானை அழுத்துங்கள். முனையில் ஒரு துளி எட்டிப் பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் இன்னொரு தடவை. மருந்து வீணாகிறது என்று இந்தப் படியை விடுபவர்கள் உண்டு. முனை அடைத்திருந்தாலோ காற்று நின்றிருந்தாலோ உங்களுக்குத் தெரியும் வழி இது ஒன்றுதான். துளி வந்தபின் உங்கள் அளவை வைத்து, எண்ணை வெளிச்சத்தில் ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள்.

எங்கே குத்துவது? வயிறுதான் எளிது, தொப்புளைச் சுற்றி இரண்டு விரல்கடை விட்டுவிட்டு. தொடையின் முன்புறமும் வெளிப்புறமும் சரிதான். ஆக்ட்ராபிட், இன்சுலாடார்ட், மிக்ஸ்டார்ட் மாதிரியான சாதாரண மனித இன்சுலின் வயிற்றில் வேகமாக ஏறும், தொடையில் மெதுவாக. அதனால் காலை வயிறு, இரவு தொடை என்று டாக்டரோ தாதியோ பிரித்துக் கொடுத்திருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள், இன்றைக்கு இங்கே நாளைக்கு அங்கே என்று மாற்ற வேண்டாம். 4 மில்லிமீட்டர் முனை என்றால் குண்டானவர், ஒல்லியானவர் யாருக்கும் போதும். நேராக, செங்குத்தாகக் குத்துங்கள். ரொம்ப மெலிந்தவர்களும் குழந்தைகளும் மட்டும் தோலை லேசாகப் பிடித்துத் தூக்கிப் போடுவது நல்லது. துணிக்கு மேலே போடாதீர்கள்.

பித்தானை 0 வரும்வரை அழுத்துங்கள், அழுத்தியபடியே பத்து எண்ணுங்கள், பிறகு வெளியே எடுங்கள். அவசரப்பட்டு எடுத்தால் முனையில் மருந்து சொட்டும், அந்தச் சொட்டு உங்கள் யூனிட்டில் குறையும். போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம். ஒரு பொட்டு இரத்தம் வந்தால் பஞ்சை வைத்து அழுத்தினால் போதும், பயப்பட ஒன்றுமில்லை.

நடுவில் மருந்து தீர்ந்துவிட்டால்? குப்பி மாற்றும் பேனாக்களில் பித்தான் நின்றுவிடும், கண்ணாடியில் ஒரு எண் தெரியும். அது போட்ட அளவு இல்லை, இன்னும் போட வேண்டிய மிச்சம். அதைத் தாளில் எழுதி, புதுக் குப்பி மாட்டி, 2 யூனிட் பரிசோதனை செய்து, மிச்சத்தை மட்டும் போடுங்கள்.

முடிந்ததும் வெளி மூடியால் முனையைத் திருகிக் கழற்றிவிடுங்கள். முனையை மாட்டியபடியே வைத்தால் நம் வெயிலுக்கு மருந்து கசியும், காற்று உள்ளே போகும். ஒரு முனை ஒரு தடவைக்குத்தான். காசு மிச்சம் பிடிக்க ஒரு வாரம் ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும், மழுங்கிய முனை வலியையும் தோலில் கட்டியையும்தான் கொடுக்கும். கணவன் மனைவி இருவருக்கும் ஒரே மருந்தாக இருந்தாலும் பேனாவைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது, முனையை மாற்றினாலும் கூடாது. குப்பிக்குள் இரத்தம் ஏறியிருக்கலாம்.

ஒரே இடத்தில் குத்தினால்

ஒரே இடத்தில் போட்டால் கொஞ்ச நாளில் அங்கே வலிக்காது. அதனாலேயே கை அங்கே போகும். தோலுக்கு அடியில் கொழுப்புக் கட்டி வளர்வதால்தான் வலி இல்லை, அதற்குள் போகும் இன்சுலின் எப்போது இரத்தத்தில் சேரும் என்று சொல்லவே முடியாது. குளிக்கும்போது சோப்புக் கையால் வயிற்றைத் தடவிப் பாருங்கள், மெத்தென்றோ கட்டியாகவோ தட்டுப்படும். ஒவ்வொரு ஊசிக்கும் முந்தையதிலிருந்து ஒரு விரல்கடை தள்ளிப் போடுங்கள், வயிற்றை நாலாகப் பிரித்து வாரத்துக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

கட்டி இருப்பதைக் கண்டுபிடித்து நல்ல தோலுக்கு மாறுகிறவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இத்தனை நாளாக வீணாகப் போன மருந்து இப்போது முழுசாக வேலை செய்யும், அதே அளவைப் போட்டால் சீனி தடாலென்று இறங்கும். மாறுவதற்கு முன் கிளினிக்கில் சொல்லி அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

ஊசிக்கும் தட்டுக்கும் நடுவில்

கோலாலம்பூரில் அரை மணி நேரம் என்பது அரை மணி நேரம் இல்லை. வீட்டில் ஊசி போட்டுவிட்டு "போகிற வழியில் சாப்பிட்டுக்கலாம்" என்று காடியை எடுத்தால் பெடரல் நெடுஞ்சாலையில் மழையோடு மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் அப்படியே நிற்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு மேசை கிடைக்கக் காத்திருக்கலாம். கல்யாண விருந்து அழைப்பிதழில் ஏழு மணி என்று போட்டிருப்பார்கள், உரைகள் முடிந்து சாப்பாடு வர ஒன்பதும் ஆகும். இன்சுலின் உங்களுக்காகக் காத்திருக்காது.

ஆகவே வெளியே சாப்பிடுவதென்றால் பேனா உங்களோடு வரட்டும். வேகமான வகை என்றால் தட்டு மேசைக்கு வந்த பிறகு போடுங்கள். அரை மணி வகை என்றால், சாப்பாடு கையெட்டும் தூரத்தில் இருப்பதை நிச்சயம் செய்துகொண்டு போட்டுவிட்டு உட்காருங்கள், அந்த அரை மணி நேரம் பசியோடு பேசிக்கொண்டிருந்தால் ஒன்றும் குடிமுழுகாது. மாமாக் கடையில் சட்டையைக் கொஞ்சம் விலக்கிப் போட்டால் யாரும் பார்க்கப் போவதில்லை, பார்த்தாலும் பக்கத்து மேசைக்காரருக்கும் இனிப்பு நீராகத்தான் இருக்கும். நாசி கண்டாரில் குழம்பு கலந்து சோறு மலையாகக் குவித்துக் கொடுத்தால் "கொஞ்சமாக" என்று சொல்லுங்கள், தே தாரிக்குக்குப் பதில் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங். ஒரே அளவு ஊசிக்கு ஒரே அளவு சோறு என்பதுதான் கணக்கு. ஒரு நாள் இரண்டு ரொட்டி சானாய், மறுநாள் ஒரு இட்லி என்றால் எந்த மருந்தும் தாங்காது.

அன்றைக்குச் சாப்பிடவே இல்லை என்றால் வேகமான சாப்பாட்டு ஊசியைப் போட வேண்டாம். மெதுவான அடிப்படை ஊசியை நீங்களாக விடக் கூடாது. கலவைதான் சிக்கல், அதில் இரண்டும் இருக்கிறது, அதனால்தான் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வைக்கச் சொன்னேன். போட்டேனா இல்லையா என்று சந்தேகம் வந்தால் மறுபடி போடாதீர்கள். சீனியைப் பார்த்துக்கொண்டு, கிளினிக்குக்கு அழைத்துக் கேளுங்கள். சாமி அறைப் பக்கம் தொங்கும் தினசரி நாள்காட்டித் தாளில் ஊசி போட்டவுடன் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டால் இந்தச் சந்தேகமே வராது, வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் தெரியும்.

சீனி இறங்கினால்

திடீர் வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, பசி. சிலருக்குக் காரணமில்லாத கோபம், பேச்சில் தடுமாற்றம். சாதுவான அப்பா சட்டென்று எரிந்து விழுந்தால் பதிலுக்குச் சண்டை போடாமல் விரலில் குத்திப் பாருங்கள். மெஷின் பக்கத்தில் இல்லை என்றால் பார்க்காமலே சீனி கொடுங்கள், கொஞ்சம் ஏறினால் ஏறட்டும். இரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும் தெரியும்.

4-க்குக் கீழே என்றால் பதினைந்து கிராம் சீனி. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பது எளிய வழி. பாக்கெட் பானம் என்றால் லேபிளைப் படியுங்கள், 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு வரி வந்த பிறகு நிறைய நிறுவனங்கள் சீனியைக் குறைத்துவிட்டன, பழைய நினைப்பில் அரை டின் குடித்தால் போதாமல் போகலாம். "சீரோ" பானங்கள் எதற்கும் உதவாது. சாக்லேட், பிஸ்கட், ரொட்டி எல்லாம் மெதுவாகத்தான் ஏறும், அவை பிறகு. அகார்போஸ் என்ற நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களுக்குச் சாதாரணச் சீனி சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸ் பொடிதான் வைத்திருக்க வேண்டும்.

பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். இன்னும் 4-க்குக் கீழே என்றால் இன்னொரு பதினைந்து கிராம். ஏறிய பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால் நாலு பிஸ்கட்டோ கொஞ்சம் சோறோ சாப்பிடுங்கள். ஏன் இறங்கியது என்று யோசித்து எழுதி வையுங்கள். நாளின் ஒரே வேளையில் இரண்டு தடவை இறங்கினால் அளவை மாற்ற வேண்டியிருக்கும், அப்பாயிண்ட்மென்ட் வரை காத்திருக்காமல் போய்ச் சொல்லுங்கள்.

மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பதற்றத்தில் சீனித் தண்ணீரை வாயைத் திறந்து ஊற்றத்தான் எல்லாருக்கும் தோன்றும், அது மூச்சுக்குழாயில் போகும். ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-க்கு அழையுங்கள். வீட்டில் உள்ள எல்லாருக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்பட, இந்த ஒரு பத்தியையாவது சொல்லி வையுங்கள்.

காடியோ மோட்டாரோ ஓட்டுவதற்கு முன் பாருங்கள், 5-க்குக் கீழே என்றால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். வழியில் இறங்கினால் ஓரம் கட்டி, சீனி சாப்பிட்டு, அளவு ஏறிய பின்னும் முக்கால் மணி நேரம் ஓட்ட வேண்டாம், எண் ஏறினாலும் மூளை தெளிய நேரம் எடுக்கும். குடிப்பவர்களுக்கு: மது இறங்கின சீனியை ஏற விடாது, நள்ளிரவில் விழுவீர்கள், வாடை அடிப்பதால் "தண்ணி அடித்துவிட்டுக் கிடக்கிறான்" என்று பார்ப்பவர்கள் விட்டுவிட்டுப் போவார்கள். வெறும் வயிற்றில் வேண்டவே வேண்டாம்.

வெயில், ஐஸ்பெட்டி

திறக்காத குப்பிகள் ஐஸ்பெட்டியில், 2 முதல் 8 டிகிரிக்குள், நடுத் தட்டில். உறையறைக்குப் பக்கத்தில் வேண்டாம். ஒரு தடவை உறைந்த இன்சுலின் உருகி நல்லதாகத் தெரிந்தாலும் குப்பைக்குத்தான். இப்போது பயன்படுத்தும் பேனாவை வெளியே வைக்கலாம், பெரும்பாலான வகைகளுக்கு 30 டிகிரிக்குள், நாலு வாரம். உங்கள் வகைக்கு எத்தனை நாள் என்று பெட்டியில் உள்ள தாளில் போட்டிருக்கும். திறந்த தேதியை மார்க்கரால் பேனாவிலேயே எழுதுங்கள். நம் ஊர் மதியம் 32, 33 டிகிரி சாதாரணம், அதனால் வீட்டின் குளிர்ந்த மூலையில், ஜன்னலுக்கும் அடுப்புக்கும் தள்ளி வையுங்கள். நிறுத்தி வைத்த காடிக்குள்ளும் மோட்டார் பெட்டிக்குள்ளும் ஒரு மணி நேரம்கூட வேண்டாம். வெளியே போனால் சின்னக் குளிர்ப்பை, ஐஸ் கட்டி நேரடியாக மருந்தில் படாமல் நடுவே ஒரு துண்டு.

விரதம், காய்ச்சல்

தைப்பூசத்துக்கு விரதம் இருந்து பத்துமலையில் 272 படி ஏறுவதும், பினாங்கில் தண்ணீர்மலைக்கு நடப்பதும் வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் ஒருவேளைச் சாப்பாடு, நீண்ட நடை, வெறுங்கால், இவை மூன்றும் இன்சுலினோடு சேர்ந்தால் திட்டம் வேண்டும். விரதம் தொடங்குவதற்குப் பல வாரம் முன்பே டாக்டரிடம் போய் அளவை மாற்றிக்கொள்ளுங்கள், இடுப்பில் சீனிப் பொட்டலம் இருக்கட்டும், வீட்டுக்கு வந்ததும் பாதத்தின் அடியை ஒருவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வலிக்காது. நோன்பு வைக்கும் நம் தமிழ் முஸ்லிம் சகோதரர்களுக்கும் இதேதான்: ரமலானுக்கு முன்பே டாக்டரைப் பார்ப்பது, பகலில் சீனி பார்ப்பது, 3.9-க்குக் கீழே போனாலோ 16.6-க்கு மேலே போனாலோ நோன்பைத் திறந்துவிடுவது. விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது.

காய்ச்சலில் சாப்பாடு இறங்கவில்லை என்று இன்சுலினை மொத்தமாக நிறுத்துவார்கள். நோயில் சீனி ஏறத்தான் செய்யும், சாப்பிடாவிட்டாலும். முதல் வகை நீரிழிவு (உடம்பு இன்சுலின் சுரக்காத வகை) உள்ளவர்கள் அடிப்படை இன்சுலினை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. நாலு மணிக்கு ஒரு தடவை பாருங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். விடாத வாந்தி, 15-க்கு மேலேயே நிற்கும் சீனி, வேகமாக மூச்சு வாங்குதல், மயக்கம் என்றால் மறுநாள் வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவு.

நாவல் கொட்டைப் பொடி, பாகற்காய்ச் சாறு குடிப்பவர்கள் அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள், ஊசியோடு சேர்ந்து சீனி இன்னும் இறங்கலாம். பெயர் தெரியாத "சர்க்கரைப் பொடி" பாக்கெட்டுகளில் பதிவு எண், அதாவது எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

ஊசி முனையும் கிளினிக்கும்

கழற்றிய முனையைக் குப்பைப் பையில் போட்டால் குப்பை எடுப்பவர் கையில்தான் குத்தும். துணி துவைக்கும் திரவம் வந்த கெட்டிப் பிளாஸ்டிக் போத்தல் போதும், மேலே "ஊசி" என்று எழுதி, முக்கால் நிறைந்ததும் மூடியை இறுக்கி அரசாங்கக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

குடிமக்களுக்கு அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட், இன்சுலினும் அங்கேயே கிடைக்கும். முனைகளையும் பரிசோதனைத் தாள்களையும் எவ்வளவு கொடுப்பார்கள், எவ்வளவு நீங்கள் வாங்க வேண்டும் என்று முதல் நாளே கேளுங்கள். பல கிளினிக்குகளில் நீரிழிவு மருந்துக்கென்று மருந்தாளர் நடத்தும் தனிச் சந்திப்பு இருக்கிறது, டி.எம்.டி.ஏ.சி. என்பார்கள், அதில் சேர்த்துவிடச் சொல்லுங்கள். அங்கே போகும்போது சீனி அளவு எழுதிய புத்தகத்தோடு பேனாவையும் எடுத்துப் போய், அவர்கள் முன்னாலேயே ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள். வருஷக்கணக்காகப் போடுகிறவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.